பேட்ஜர் க்ரீக்கில் ஒன்பது ஓட்டு

தலைநகர்
நவம்பர் 14

அக்கா,

நாலு தடவை போன் அடித்துவிட்டேன். ஒரே ஒரு தடவை எடுத்தது டெல்மர். "அவ மாட்டுக் கொட்டகையில இருக்கா" என்றார். வேலை நாள், மத்தியானம் இரண்டு மணி, கோல்டர் கவுண்டி முழுக்கத் தேர்தல் நடத்துகிற கிளார்க் ஆர்டிஸ் ஹவ்கி மாட்டுக் கொட்டகையில் இருக்கிறாளாம்! உன்னோடு பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனுஷருக்குப் பொய் சொல்ல வரவில்லை. சரி, கடிதமாகவே எழுதுகிறேன். கடிதத்தை நீ எடுக்காமல் இருக்க முடியாது. கவுண்டிக்கு வரும் தபாலையெல்லாம் பிரிக்கிறவளே நீதான்.

நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு. மாநிலம் முழுக்க மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், நான் தோற்றது நூற்று நாற்பத்து மூன்றில். ஆயிரக்கணக்கில் தோற்றிருந்தால் படுத்துத் தூங்கியிருப்பேன். இது தொண்டையில் மாட்டிய முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றி இல்லை. உன் ஆபீசிலிருந்து முடிவுத் தாள் வந்தது. சாவடி வாரியாக, ஜனாதிபதியிலிருந்து களை ஒழிப்புக் கமிட்டி வரைக்கும், உன் வழக்கப்படி ஒரு கமா பிசகாமல். நான் நேராக நம் பேட்ஜர் க்ரீக் வரிசைக்குப் போனேன். ஓட்டுப் போட்டவர்கள் ஒன்பது பேர். ஜனாதிபதிக்கு ஒன்பது ஓட்டு. செனட்டருக்கு ஒன்பது. காங்கிரசுக்கு ஒன்பது. கவர்னருக்கு ஒன்பது. நான் நின்ற மாநிலச் செயலாளர் பதவிக்கு மட்டும் ஏழு. எனக்கு ஆறு, என்னை எதிர்த்து நின்ற வேட் ஸ்டோடார்டுக்கு ஒன்று, காலி இரண்டு. அதற்குக் கீழே களை ஒழிப்புக் கமிட்டிக்கு மறுபடியும் ஒன்பது!

களையைப் பிடுங்க யார் வேண்டும் என்று ஒன்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் பெயர் வந்த இடத்தில் இரண்டு பேருக்குக் கை வலித்துவிட்டது.

அந்த ஒன்பது பேரை நீயும் அறிவாய், நானும் அறிவேன். ஸ்டோடார்டுக்குப் போட்டது கிளைட். ஸ்டோடார்டின் மனைவிக்கு அவர் சித்தப்பா மகன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஹோக்லண்ட் தம்பதி எனக்குப் போட்டதாக அட்டையே அனுப்பிவிட்டார்கள். ஃப்ரீசன் வீட்டு மூன்று பேரும் வேலியில் என் பிரசாரப் பலகையை நட்டவர்கள். ஆறாவது ஓட்டு என்னுடையது. இருபது வருஷமாகத் தலைநகரில் இருந்தும் என் பெயரை அந்தச் சாவடிப் பட்டியலிலிருந்து நான் எடுக்கவில்லை. மிச்சம் இரண்டு பேர். நீயும் டெல்மரும்.

நீ செய்திருப்பாய் என்று நம்ப முடிகிறது. டெல்மருமா, அக்கா?

நோரீன்

*

கோல்டர் கவுண்டி
நவம்பர் 17

நோரீன்,

உன் கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. நீ மறு எண்ணிக்கை கேட்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். வேட்பாளரும், ஓட்டுச் சீட்டைப் பூட்டிச் சாவி வைத்திருக்கிறவளும் போனில் குசுகுசுவென்று பேசினால் ஊர் வாயை யார் மூடுவது? இனிமேல் நமக்குள் எழுத்துதான்.

மாநிலம் முழுக்கத் தேர்தல் நடத்தும் பதவிக்கு நின்றவள் நீ. தோற்றதும் நீ செய்த முதல் காரியம், ஒன்பது பேர் ரகசியமாகப் போட்ட ஓட்டை விரல் விட்டுப் பிரித்துப் பார்த்தது. வெகு அழகு. இந்தச் சின்னச் சாவடியைப் பக்கத்து மில் க்ரீக்கோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று குழந்தைகூடக் கண்டுபிடிக்கும் என்று ஆறு வருஷமாகக் கவுண்டி கமிஷனர்களிடம் தலையால் அடித்துக்கொள்கிறேன். குழந்தை கண்டுபிடிக்கவில்லை, நீ கண்டுபிடித்தாய்.

நான் யாருக்குப் போட்டேன் என்பதை உனக்குச் சொல்ல எனக்குக் கடமை இல்லை.

ஆனால் நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் மாதம் என் சமையலறையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாய். தபால் ஓட்டு என்றால் என்ன, இயந்திரம் எந்தச் சீட்டைத் துப்பும், எதை விழுங்கும், சாவடியில் யார் யாரை உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு மஞ்சள் நோட்டு நிறைய எழுதிக்கொண்டாய். பதினைந்து வருஷம் ரேடியோவில் கோதுமை விலையும் பனி அறிவிப்பும் வாசித்தவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? நான் சொன்னேன். உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டே சொன்னேன். அப்போது ஒரு வார்த்தை சொன்னேன்: "நாம எண்ணுறது காகிதத்த இல்ல நோரீன், பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்த ஆள." செப்டம்பரில் நீ மேடையில் அதைச் சொன்னாய். கை தட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டு, அடியில் உன் பெயரையும் போட்டிருந்தார்கள். ஆபீசில் பக்கத்து மேஜையிலிருக்கும் பெண் அதைக் கத்தரித்து என் சுவரிலேயே ஒட்டிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாளாம்.

இருபத்தொரு வருஷம் தேர்தல் நடத்தியவள் நான். நிற்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. உன்னைக் கேட்டார்கள், உன் குரல் நன்றாக இருக்கிறதென்று.

மறு எண்ணிக்கை வேண்டாம். சாலையெல்லாம் பனி. ஐம்பது கவுண்டியில் கிழவர்களையும் கிழவிகளையும் வரவழைத்து எண்ண வைத்து நூற்று நாற்பத்து மூன்றைப் பிடிக்க முடியாது. நான் பார்த்தவரை அஞ்சு பத்துதான் மாறும்.

டெல்மரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அவர் உனக்குத்தான் போட்டிருப்பார். அதில் எனக்கு எந்த நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆர்டிஸ்

*

தலைநகர்
நவம்பர் 20

அக்கா,

உன் கடைசி இரண்டு வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பத்தொன்பது வருஷம் கழித்தும் அந்தப் புண்ணை நீ ஆறவிடவில்லை, தெரிகிறதா?

சரி, எழுத்தில்தான் என்றாய். எழுத்திலேயே வைத்துக்கொள். டெல்மர் என்னோடு இரண்டு கோடைகாலம் நடனத்துக்கு வந்தார். உண்மை. அவர் லாரியில் அந்தச் சமவெளி முழுக்கச் சுற்றினேன். அதுவும் உண்மை. பிறகு ரேடியோ வேலை கிடைத்தது, போய்விட்டேன். ஒரு வருஷத்தில் நீ அவரைக் கட்டிக்கொண்டாய். நான் விட்டுப் போனதைத்தான் நீ எடுத்துக்கொண்டாய் என்று நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் நீ என்னைத் திருடி என்கிறாய். ஒரு வாக்கியத்தை நான் எடுத்தேன். நீ எதை எடுத்தாய் என்று கணக்குப் பார்ப்போமா?

எழுதிவிட்டேன். அடிக்கலாமென்று பார்த்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

உனக்கும் பொறாமைப்பட ஆள் வேண்டும் என்றால் வா, வந்து என் வீட்டைப் பார். தேர்தலன்று என்னைச் சுற்றி அறுபது பேர் இருந்தார்கள். தோற்றேன் என்றதும் அறுபது பேருக்கும் மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருந்தது. மேஜை மேல் இருந்த இறைச்சி உருண்டைகளை மூன்று நாள் நான் ஒருத்தியே சூடு பண்ணித் தின்றேன். உனக்கு எதிரே உட்கார்ந்து தின்ன ஒரு ஆள் இருக்கிறார். உப்பு குறைவு என்று சொல்லக்கூட ஒரு ஆள்.

அப்புறம் ஒன்று. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். "சந்தேகம் தீர்ற வரைக்கும் எண்ணு" என்று சொல்கிறவள் நீ. பள்ளிக்கூடப் போர்டு தேர்தலில் நாலு ஓட்டு வித்தியாசத்துக்காக மூன்று தடவை எண்ண வைத்தவள் நீ. அப்படிப்பட்டவள் ஏன் எனக்கு மட்டும் வேண்டாம் என்கிறாய்? பனியாம், கிழவியாம்! அந்தக் கிழவிகள் பனியில் சீட்டாட நாற்பது மைல் போகிறவர்கள். நான் தோற்றே இருக்க வேண்டும் என்று நினைக்கிறாயா? வெளிப்படையாகச் சொல்.

இருபத்தைந்தாம் தேதி மாநிலம் முடிவை அறிவிக்கும். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நான் மனு கொடுக்க வேண்டும். கொடுக்கப் போகிறேன்.

நோரீன்

*

கோல்டர் கவுண்டி
நவம்பர் 23

நோரீன்,

வெளிப்படையாகச் சொல்லச் சொன்னாய்.

அக்டோபர் 29, மதியச் சாப்பாட்டு நேரம். ஆபீசில் நான் மட்டும். தேர்தலன்று என் சாவடிக்குப் போக எனக்கு நேரம் இராது, அதனால் எப்போதும் முன்கூட்டியே போட்டுவிடுவேன். ஜனாதிபதி, செனட், காங்கிரஸ், கவர்னர், நாலுக்கும் பெயருக்குப் பக்கத்திலுள்ள வட்டத்தைப் பேனாவால் நிரப்பினேன். ஐந்தாவது உன் இடம். உன் பெயர் அச்சில் இருந்தது. அந்தத் தாளை அச்சகத்துக்கு அனுப்புமுன் உன் பெயரில் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தவளும் நான்தான்.

பேனா உன் பெயருக்கு நேரே நின்றது. கீழே இறங்கவில்லை. உங்கள் இரண்டு பேர் பெயருக்கும் அடியில் ஒரு வெற்றுக் கோடு இருக்கும் தெரியுமே, பட்டியலில் இல்லாத யாரையாவது வேண்டுமென்றால் எழுதிக்கொள்ள. அதில் எழுதினேன். ஆர்டிஸ் ஹவ்கி.

சிரிக்கிறாயா? சிரி.

பக்கத்திலிருக்கும் வட்டத்தை நிரப்பவில்லை. தெரிந்தேதான் விட்டேன். நிரப்பினால் இயந்திரம் அந்தச் சீட்டைத் தனியே தள்ளும், மூன்று பேர் எடுத்துப் பார்ப்பார்கள். நிரப்பாவிட்டால் காலி என்று விழுங்கிவிடும். என் பெயர் அந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். பார்த்தேன். உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு சாண்ட்விச் தின்றேன்.

உனக்குப் போடவும் கை வரவில்லை, ஸ்டோடார்டுக்குப் போடும் அளவுக்கு நான் கெட்டுப்போகவும் இல்லை. வயிற்றெரிச்சல் நோரீன். பச்சையான வயிற்றெரிச்சல். ஐம்பது வயதில் இப்படி வரும் என்று நானே நினைக்கவில்லை.

இப்போது கேள். மறு எண்ணிக்கை கையால் நடக்கும். ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, சத்தமாகப் படித்து, இரண்டு கட்சி ஆட்களுக்கும் காட்ட வேண்டும். இங்கே படிக்கப் போகிறவர் கமிஷனர் லெஸ்டர் கூப்மன். இந்தக் கவுண்டியில் எந்த நாய் லைசென்சில், எந்தக் கல்யாணப் பத்திரத்தில் என் கையெழுத்து இல்லை? பெயரே வேண்டாம், எழுத்தின் வாலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். "ஆர்டிஸ் தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கிட்டாளாம், அதுவும் தங்கச்சிய விட்டுட்டு." சாகும்வரை நான் காப்பிக் கடைக்குள் நுழைய முடியாது. இத்தனை வருஷம் இந்த ஊர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னது, ஆர்டிஸ் எண்ணினால் சரியாக இருக்கும் என்று. எனக்கு வேறு சொத்து இல்லை.

சீட்டுகள் நிலவறைப் பெட்டகத்தில் இருக்கின்றன. நேற்று உள்ளே போய் நின்றேன். சாவி என் கையில். அரக்கு முத்திரையும் என் மேஜையில்தான் இருக்கிறது. உடைத்து, ஒரு கோடு கிறுக்கி, மறுபடி ஒட்ட எனக்கு நாலு நிமிஷம் போதும். தொடவில்லை. தொடவும் மாட்டேன். ஆனால் நின்றேன் என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

வாழ்க்கையில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மனு கொடுக்காதே. விட்டுவிடு.

இதைப் படித்ததும் எரித்துவிடு. வேண்டாம், எரிக்காதே. எழுத்தில்தான் என்று சொன்னவள் நான்.

ஆர்டிஸ்

*

தலைநகர்
நவம்பர் 27

அக்கா,

முதலில் சிரித்தேன். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சாண்ட்விச் வரியைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது.

வக்கீலிடம் போனேன். உன் பெயர் சொல்லாமல், ஒரே ஒரு கவுண்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எண்ணச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "எந்த கவுண்டி மேடம்?" என்றார். கோல்டர் என்றேன். "உங்க சொந்த ஊர விட்டுட்டா, அங்க என்னமோ தில்லுமுல்லுன்னு பேப்பர்காரன் மறுநாளே உங்க அக்கா வீட்டு வாசல்ல நிப்பான்" என்றார். அதோடு சட்டத்திலும் இடமில்லையாம். எண்ணினால் எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் மனுவைச் சமையல் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காக விட்டுவிடுவேன் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். நல்ல தங்கையாக என்னையே கற்பனை செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் எனக்கு வேறொன்று தோன்றியது. நான் விட்டால் நீ தப்பிப்பாய், ஊருக்குள் மானத்தோடு இருப்பாய், சாயங்காலம் வீட்டுக்குப் போவாய், டெல்மர் இருப்பார். எனக்கு இந்த மேஜை இருக்கும். எல்லாம் ஏன் உனக்கே இருக்க வேண்டும்?

மனுவை இன்று காலை கொடுத்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுத வந்தது. எழுதினால் பொய்யாகிவிடும்.

ஒரு காலி ஓட்டு உன்னுடையது, சரி. இன்னொன்று யாருடையது? டெல்மர் என்னை விட்டிருக்க மாட்டார் என்று நீயே சத்தியம் செய்கிறாய். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை, உனக்குப் பிடிக்காவிட்டாலும். அப்படியென்றால் ஃப்ரீசன் வீட்டு மூவரில் ஒருவர் பலகையை நட்டுவிட்டு ஓட்டை மறந்திருக்கிறார். போகட்டும்.

நோரீன்

*

கோல்டர் கவுண்டி
டிசம்பர் 13

நோரீன்,

கோல்டர் கவுண்டியில் நேற்று எண்ணி முடித்தோம். உனக்குப் பதினாலு ஓட்டு கூடுதல். சிலர் பென்சிலால் லேசாகத் தீட்டியிருந்தார்கள், இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. அறிக்கை மாநிலத்துக்குப் போய்விட்டது. இது அறிக்கை இல்லை.

நீதிமன்ற அறையில் மூன்று கமிஷனர்கள், உன் இளம் வக்கீல், ஸ்டோடார்டின் தரப்பில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள். நான் சீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், பேசக் கூடாது. மொத்தம் பதினேழு சாவடி. பேட்ஜர் க்ரீக் பதினேழாவது. காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை என் கழுத்தை நானே வெட்டுமேடையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனு கொடுத்ததற்காக உன்னை மணிக்கு ஒரு தடவை சபித்தேன். ஆறு தடவை ஆயிற்று.

கடைசிப் பெட்டியைப் பிரித்தார்கள். லெஸ்டர் படித்தார். "நோரீன். ஸ்டோடார்ட். நோரீன்." நிறுத்தினார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"ஏ ஆர்டிஸ், இதுல உம்பேரு எழுதியிருக்கு."

"எந்த ஆர்டிஸ்?" என்றாள் சிவப்புக் கோட்டு.

"இந்தக் கவுண்டியில எத்தன ஆர்டிஸ் இருக்காங்க? இந்தா நிக்குதே, இதுதான்." பிறகு எழுத்தை உற்றுப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. "எங்க வீட்டு நாய் லைசென்சுல இதே கைதான்…"

மற்ற இரண்டு கமிஷனர்களும் இருமினார்கள். ஒருவர் இருமல் சிரிப்பாக முடிந்தது. நான் பேசக் கூடாது. ஆனாலும் பேசினேன். "ஆமா, நான்தான் எழுதுனேன். வட்டம் நிரப்பல, செல்லாது. காலின்னு போட்டுட்டு அடுத்தத எடுங்க."

அவ்வளவுதான் நோரீன். இத்தனை நாள் பயந்தது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. காது மட்டும் எரிந்தது.

லெஸ்டர் தொடர்ந்தார். "நோரீன். நோரீன். நோரீன்." மறுபடி நிறுத்தினார். "அட, இன்னொண்ணு!"

சிவப்புக் கோட்டு எழுந்தே விட்டாள். "ரெண்டு ஓட்டுப் போட்டிருக்காங்களா? கிளார்க்கே ரெண்டு ஓட்டுப் போட்டிருக்காங்களா?" உன் வக்கீல் வெளுத்துப் போனார். மானம் போவது ஒன்று. ஜெயிலுக்குப் போவது வேறு.

"உக்காருங்கம்மா," என்றார் லெஸ்டர். "கையெழுத்துப் போட்டு வாங்குனது ஒம்போது பேரு, சீட்டும் ஒம்போது. இது வேற கை. பாருங்க, பெரிய பெரிய எழுத்து, தீவன மூட்டையில எழுதுற மாதிரி. மை வேற இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. எழுதுன கையே அழிச்சிட்டுப் போயிருக்கு. இது இடது கைக்காரன் எழுதுனது. பேட்ஜர் க்ரீக்ல இடது கைன்னா ஒரே ஒருத்தன்…"

அங்கே நிறுத்திக்கொண்டார். ரகசிய வாக்கு என்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு சீட்டையும் படித்தார், அதுவும் உனக்குத்தான். என்னைப் பார்க்காமலே "ரெண்டு காலி" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். உனக்கு ஆறு, ஸ்டோடார்டுக்கு ஒன்று. பேட்ஜர் க்ரீக்கில் எதுவும் மாறவில்லை.

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. டெல்மர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"எம்பேர எழுதுனீங்களா?"

"எதுல?"

"ஓட்டுல. மாநிலச் செயலாளருக்கு."

"ஆமா." ஒரு கிழங்கை முடித்து அடுத்ததை எடுத்தார். "அது தேர்தல் நடத்துற வேலைதான?"

"ஆமா."

"அத யாரு நடத்துறா? நீதான நடத்துற. வேற யாரு பேர எழுதுறது?"

"நோரீன் நின்னாளே."

"நோரீன் நல்லாப் பேசுவா," என்றார். "பேசுறதுக்குன்னு ஒரு பதவி வந்தா அவளுக்குப் போடுவேன்."

இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை.

"அப்ப வட்டத்த ஏன் நிரப்பல?" என்று கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதையும் நிரப்பணுமா? பேருதான் எழுதியாச்சே."

இருபத்தொரு வருஷமாக இந்தக் கவுண்டியில் பள்ளிக்கூடம், தேவாலயம், சந்தை, முதியோர் இல்லம் என்று போய் நான் கத்துவது அந்த ஒன்றைத்தான். பேரை எழுதினால் போதாது, வட்டத்தையும் நிரப்புங்கள். என் வீட்டில் ஒரு ஆள் மட்டும் காதில் வாங்கவில்லை. நான் நிரப்பாமல் விட்டது தெரிந்து, நோரீன். அவர் விட்டது தெரியாமல். அதாவது அவர் அதை நிஜமான ஓட்டாகவே போட்டிருக்கிறார். நான் ஜெயிக்க வேண்டும் என்று.

பத்தொன்பது வருஷம் உன் மிச்சத்தோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மனு கொடுக்காவிட்டால் அப்படியே நினைத்துச் செத்திருப்பேன்.

காப்பிக் கடையில் இன்று சிரித்தார்கள். "மாநிலச் செயலாளர் வந்தாச்சு, நாற்காலி போடுங்க" என்றான் ஒருவன். போட்டார்கள். உட்கார்ந்தேன்.

ஆர்டிஸ்

*

தலைநகர்
டிசம்பர் 19

அக்கா,

ரேடியோவில் கேட்டிருப்பாய். மேற்கே ஒரு கவுண்டியில் தபால் ஓட்டு ஒரு கட்டு இயந்திரத்துக்குள் போகாமலே அலமாரியில் இருந்திருக்கிறது. முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்துவிட்டேன். ஒரு லட்சத்து அறுபத்து மூன்றாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. ஜனவரியில் பதவி ஏற்கிறேன். அந்த அறுபது பேரும் திரும்பி வந்துவிட்டார்கள், இறைச்சி உருண்டை போதவில்லை.

மேடையில் பேசச் சொன்னார்கள். உன் வாக்கியத்தைச் சொன்னேன், பனியில் வண்டி ஓட்டி வந்த ஆளைப் பற்றி. "இத எனக்குச் சொல்லிக் குடுத்தது கோல்டர் கவுண்டி கிளார்க் ஆர்டிஸ் ஹவ்கி, எங்க அக்கா" என்றும் சொன்னேன். முதல் தடவையை விடக் குறைவாகத்தான் கை தட்டினார்கள். நாளைப் பத்திரிகையில் உன் பெயரும் வரும். அதையும் சுவரில் ஒட்டச் சொல்.

தேர்தல் பிரிவுக்குத் தலைமை தாங்க எனக்கு ஒரு ஆள் தேவை. மாநிலத்தில் உன்னை விட அந்த வேலை தெரிந்தவர்கள் கிடையாது. உன்னை அழைத்து ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். தபாலில் போடக் கோட்டை மாட்டும்போது, நீ வந்தால் டெல்மரும் வருவார் என்று தோன்றியது. இரண்டு தெரு தள்ளி வீடு எடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுவீர்கள். அவர் கிழங்கு உரிப்பார். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உனக்கு ஆயுசு முழுக்க உரியது அந்த வேலை, நான் தரவில்லை. தெரிந்துகொள்.

இருபது வருஷமாக ஒரு நினைப்பை வைத்திருந்தேன், அக்கா. எங்கே தோற்றாலும் சரி, பேட்ஜர் க்ரீக்கில் ஒரு ஓட்டு நிச்சயம் என்று. யாரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை, அதனால் அது இருந்தது. எண்ணச் சொல்லி மனு கொடுத்தது நானேதான்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். என் பெயரை அந்தச் சாவடியிலிருந்து எடுத்துவிடு. இனி இங்கேயே ஓட்டுப் போடுகிறேன். அங்கே எட்டுப் பேர் போதும்.

எனக்கு ஒரு லட்சத்து அறுபத்து மூன்றாயிரத்துச் சொச்சம், எல்லாம் செல்லும். உனக்கு இரண்டு, இரண்டும் செல்லாது. அதில் ஒன்று நீயே போட்டுக்கொண்டது. அந்த இன்னொன்றைத் தா, இந்தப் பதவியை எடுத்துக்கொள் என்று சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பார்த்துவிட்டேன்.

நோரீன்